காற்றில்லா டயர்: யாருக்குக் கட்டுப்படியாகும்?



கொள்முதல் விலையை எவ்வளவு கறாராகப் பேசி முடித்தாலும், சரக்கு கடை வந்து சேரும்வரை நாம் நம்பியிருப்பது டயருக்குள் அடைத்த காற்றைத்தான். ஒரு ஆணி குத்தினால் லோடு நடுரோட்டில் நின்றுவிடும். காற்றே தேவைப்படாத டயர் கிடையாதா என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. இருக்கிறது. அது யாருக்குப் பயன்படுகிறது, நம் லாரிக்கு ஏன் இன்னும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நம் தொழிலுக்கும் நல்லது.

காற்று வந்த கதை

ஆரம்பத்தில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டைதான். பிறகு கெட்டி ரப்பர் வந்தது. 1845-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது அன்று எடுபடவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் அதே வழியில் டயர் செய்தார். அது நிலைத்துவிட்டது. காற்றுக்கு எடை குறைவு, செலவு குறைவு. மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். லோடுக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம்.

காற்றில்லாமல் ஓடுவது எப்படி?

2005-இல் மிச்செலின் கம்பெனி 'ட்வீல்' என்ற சக்கரத்தை அறிமுகப்படுத்தியது. நடுவில் குடம், அதைச் சுற்றி வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் ஆரங்கள், வெளியே உறுதியான வளையம், அதன்மேல் ரப்பர். சைக்கிள் சக்கரத்தைப் போலவே இதிலும் மேல்புற ஆரங்கள்தான் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. தரையை ஒட்டிய ஆரங்கள் மடங்கிக் கொடுக்கும். ஆணி குத்தினாலும் இறங்குவதற்குக் காற்று இல்லை.

ராணுவத்தில்

போர்க்களத்தில் வண்டி நின்றால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ராணுவ வண்டிகளின் டயருக்குள் கெட்டியான வளையம் ஒன்றைப் பொருத்துவது பழைய முறை. காற்று இறங்கிய பிறகும் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டித் தப்பிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த ரெசிலியன்ட் டெக்னாலஜிஸ் கம்பெனி, ஹம்வீ வண்டிக்காகத் தேன்கூடு அமைப்பில் காற்றில்லா டயரை உருவாக்கியது. 2012-இல் பொலாரிஸ் கம்பெனி அதை வாங்கி, அடுத்த ஆண்டே காட்டுவழி செல்லும் சிறு வண்டியில் பொருத்தியது. துப்பாக்கிக் குண்டு துளைத்த பிறகும் 350 மைல் ஓடும் என்பது கம்பெனியின் கணக்கு. சில கண்ணிகள் அறுந்தாலும் மற்றவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

கட்டடம் இடிக்கும் இடம், பழைய இரும்புக் கிடங்கு போன்றவற்றில் தரையெல்லாம் கம்பியும் கண்ணாடியும்தான். அங்கே மண் அள்ளும் சிறு இயந்திரங்களுக்கும் ட்வீல் பயன்படுகிறது. இதற்கென்றே 2014-இல் தென் கரோலினாவில் தொழிற்சாலை திறந்தார்கள்.

குறைகள்

1. வேகமாக நெடுந்தூரம் ஓடினால் சூடேறும். அதிர்வும் இரைச்சலும் கூடும்.
2. ஆரங்களுக்கு நடுவே சேறும் கல்லும் அடைத்துக்கொண்டால் சக்கரத்தின் சமநிலை கெடும்.
3. மணலில் போகும்போது காற்றைக் குறைத்து ஓட்டும் வசதி இதில் இல்லை.
4. விலை அதிகம்.

கார்களுக்கான 'அப்டிஸ்' டயரை மிச்செலின் 2019-இல் காட்டியது. 2023-இல் சிங்கப்பூரில் பார்சல் வேன்களில் பொருத்தினார்கள். கனரக லாரிக்கு நெடுஞ்சாலையில் இன்றும் காற்று டயர்தான்.

நமக்கான கணக்கு

ஒரு பொருளின் அடக்க விலையில், அது நின்றுபோனால் வரும் நஷ்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராணுவ வீரருக்கு அந்த நஷ்டம் உயிர். இடிப்பு வேலைக்காரருக்கு அன்றைய வேலையாட்களின் கூலி. எனவே அவர்களுக்கு விலை கூடிய டயரும் கட்டுப்படியாகும். நமக்கு பஞ்சர் என்றால் சில மணி நேரத் தாமதமும் ஒட்டும் கூலியும்தான். ஸ்டெப்னி இருந்தால் அதுவும் குறையும்.

ஆகவே, கிடங்குக்குள் மூட்டை தள்ளும் டிராலிக்குக் கெட்டி ரப்பர் சக்கரமே போதும். அங்கே தூரமும் வேகமும் குறைவு, ஆணிதான் அதிகம். சரக்கு வண்டிக்குக் காற்று டயரே சரி. வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடேறாத நேரத்தில் காற்றைச் சரிபாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். காற்று குறைந்தால் டயர் ஓரத்தில் தேயும், சூடேறி வெடிக்கவும் கூடும், டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

தராசு, குளிர்பெட்டி, ஜெனரேட்டர் என்று எதை வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இது ஒரு நாள் நின்றால் எனக்கு எவ்வளவு நஷ்டம்? அதற்கேற்ற விலையைக் கொடுங்கள்.