மக்கார்த்தி வகுத்த லிஸ்ப் மொழி

நேற்று வந்த செய்நிரல் மொழியே மேலானது என்னும் எண்ணம் நம் மாணாக்கரிடையே வேரூன்றி வருகின்றது. அன்னார் அமெரிக்க அறிஞர் ஜோன் மக்கார்த்தியை (1927–2011) அறிதல் நன்று.

1958ஆம் ஆண்டில், மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் லிஸ்ப் என்னும் மொழியை வகுக்கத் தொடங்கினார். கணனி எண்களைக் கூட்டிப் பெருக்குதற்கே உரியது எனப் பலரும் கருதிய காலம் அது. லிஸ்ப்போ குறியீடுகளைப் பட்டியல்களாகக் கோத்துக் கையாளுதற்கென எழுந்தது. அம்மொழியிற் செய்நிரலும் ஒரு பட்டியலே. ஆதலின், ஒரு செய்நிரல் மற்றொன்றைத் தானே ஆக்கவும் ஆராயவும் வல்லதாயிற்று.

இதனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. லிஸ்ப்பின் எக்கோவையையும் மதிப்பிடவல்ல சார்பு ஒன்றினை மக்கார்த்தி கொள்கை விளக்கமாகவே தாளில் எழுதினார். உடன் பணியாற்றிய இளைஞர் ஸ்டீவ் ரசல், அதனை ஐ.பி.எம். 704 பொறிக்கேற்ப எழுதி இயக்கிக் காட்டினார். எழுதியவர் கருதாததை இளையவர் கண்டார்! (ஆசிரியத் தொழிலினர்க்கு இத்தகைய செய்தியினும் இனியது வேறுண்டோ?)

பயன்படாதொழிந்த நினைவக இடங்களைப் பொறியே தேடி மீட்கும் முறையும் லிஸ்ப்புக்கென மக்கார்த்தி வகுத்ததே. 1995இல் வெளிவந்த ஜாவா அம்முறையைக் கைக்கொண்டது. இன்று ஜாவா பயில்வோருட் பலர் அதன் வயதை அறியார்.