நூற்றில் மூவர்: அனுமதி வீதம் சொல்வதும் சொல்லாததும்

சென்ற வருடம் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, என் பெரியம்மாவின் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானார். ராத்தா எங்கள் குடும்பத்திலேயே கணிதத்தில் கெட்டிக்காரி. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருந்த வேளையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வீதம் அவர் கண்ணில் பட்டது. நூற்றுக்கு மூன்றும் கொஞ்சமும். "நூறு பேரில் மூன்று பேர். அதில் நான் எங்கே?" என்று கூறி மடிக்கணினியை மூடி வைத்தார். அதன்பின் திறக்கவேயில்லை.

அந்த ஓர் எண்ணுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்று அன்று முதல் யோசித்து வந்தேன். நானும் இப்போது தரம் 13 இல் இருக்கிறேன். நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவைக் கொண்டே இந்த எண்ணைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதன் பயனே இக்கட்டுரை.

அனுமதி வீதம் என்றால் என்ன?

அனுமதி வழங்கப்பட்டோரின் எண்ணிக்கையை விண்ணப்பித்தோரின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதே அனுமதி வீதம். இது ஒரு பின்னம். பின்னம் சிறிதாவதற்கு இரு வழிகள் உண்டு. தொகுதி எண் குறையலாம். அல்லது பகுதி எண் கூடலாம். நாமோ வீதம் குறைந்தால் இடங்கள்தான் குறைந்துவிட்டன என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2020 இல் நுழையவிருந்த தொகுதிக்கு 40,248 பேர் விண்ணப்பித்தனர். 1,980 பேருக்கு அனுமதி கிடைத்தது. வீதம் 4.92. அடுத்த ஆண்டு 57,435 பேர் விண்ணப்பித்தனர். 1,968 பேருக்கு அனுமதி கிடைத்தது. வீதம் 3.43. பத்திரிகைகள் இதை வரலாறு காணாத வீழ்ச்சி என்றன. ஆனால் அனுமதி பெற்றோரின் தொகையில் குறைந்தது வெறும் 12 பேர். விண்ணப்பதாரிகளோ சுமார் 43 வீதத்தால் கூடிவிட்டனர். கொவிட் தொற்றுக் காலத்தில் எஸ்ஏடி போன்ற பரீட்சைப் புள்ளிகளைக் கட்டாயம் காட்ட வேண்டியதில்லை என்று அறிவித்ததே இதற்கு முக்கிய காரணம். முன்பு தயங்கி நின்ற பலரும் அவ்வாண்டு விண்ணப்பித்தனர். கதவு அதே அகலத்தில்தான் இருந்தது. வாசலில் நின்ற கூட்டம்தான் பெருத்தது.

ஒரே ஆள், பல விண்ணப்பங்கள்

அமெரிக்காவில் ஒரு மாணவர் பொது விண்ணப்பப் படிவம் ஒன்றின் மூலம் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். இதன் விளைவை ஒரு சிறிய கணக்கால் காட்டுகிறேன்.

ஒரு நாட்டில் 1,000 மாணவர்களும் 10 பல்கலைக்கழகங்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 100 இடங்கள். ஒவ்வொரு மாணவரும் ஓர் இடத்துக்கு மட்டும் சமமாகப் பிரிந்து விண்ணப்பித்தால், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் 100 விண்ணப்பங்கள் வரும். அனுமதி வீதம் 100. அதே மாணவர்கள் பத்துக்கும் விண்ணப்பித்து, முடிவில் ஆளுக்கோர் இடம் பெற்றால், ஒவ்வொன்றுக்கும் 1,000 விண்ணப்பங்கள். அனுமதி வீதம் 10. இரு நிலைமைகளிலும் ஆயிரம் பேருக்கும் ஆயிரம் இடங்கள் கிடைத்துவிட்டன. ஒருவர்கூட வீட்டில் இருக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது நாட்டின் எண்ணைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும்.

இங்கிலாந்தும் இந்தியாவும்

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் சுமார் 24,000 பேர் விண்ணப்பிக்க, சுமார் 3,300 பேர் சேர்கின்றனர். அதாவது ஏறத்தாழ 14 வீதம். அப்படியானால் ஹாவர்டை விட ஒக்ஸ்போர்ட் நான்கு மடங்கு இலகுவானதா? இல்லை. இங்கிலாந்தில் ஒரு மாணவர் ஐந்து தெரிவுகளையே குறிப்பிடலாம். ஒரே ஆண்டில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. படிக்கப் போகும் பாடத்தையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஆகவே "போய்த்தான் பார்ப்போமே" என்று விண்ணப்பிப்பவர்கள் அங்கே குறைவு. பலர் தம்மைத் தாமே வடிகட்டிக்கொண்டு வருகின்றனர். பாடத்துக்குப் பாடமும் வீதம் மாறும். அங்கே கணினி விஞ்ஞானத்துக்குப் போட்டி மிகக் கடுமை. கிரேக்கம், இலத்தீன் படிக்க விரும்புவோருக்கு அவ்வளவு கடுமை இல்லை.

இந்தியாவின் ஐஐடி நிறுவனங்களைப் பாருங்கள். 2023 இல் அவற்றில் 17,385 இடங்கள் இருந்தன. இறுதிக்கட்டப் பரீட்சைக்கு 1,80,372 பேர் தோற்றினர். இதன்படி வீதம் 9.6. ஆனால் அந்தப் பரீட்சைக்கு வருவதற்கே முதற்கட்டப் பரீட்சையில் தேற வேண்டும். அதற்குத் தோற்றியோர் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைப் பகுதி எண்ணாக எடுத்தால் வீதம் 1.6 க்கு இறங்கிவிடும். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு வீதங்கள். எந்தக் கூட்டத்தை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

சராசரிக்குள் மறைந்திருப்பவை

மேலே கூறிய ஹாவர்டின் 3.43 ஐப் பிரித்துப் பார்ப்போம். முன்கூட்டி விண்ணப்பித்த 10,086 பேரில் 747 பேருக்கு இடம் கிடைத்தது, 7.4 வீதம். வழமையான காலத்தில் விண்ணப்பித்த 47,349 பேரில் 1,221 பேருக்குக் கிடைத்தது, 2.6 வீதம். அப்படியானால் முன்கூட்டி விண்ணப்பித்தால் வாய்ப்பு மூன்று மடங்காகுமா? அவசரப்படக்கூடாது. பயிற்றுநர்கள் ஏற்கெனவே தெரிவுசெய்த விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அந்த முதற் கூட்டத்தில் அதிகம். ஹாவர்டுக்கு எதிரான, 2023 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் விசாரணையில், பழைய மாணவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அனுமதி கிடைத்து வந்தமை வெளியானது. வகுப்பில் படித்த நிபந்தனை நிகழ்தகவு இதுதான்: யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பது மாறினால் விடையும் மாறும்.

நானாவின் கணக்கு

ராத்தாவின் கதையைக் கேட்ட என் நானா வேறு வழி சொன்னார். "4 வீதம் உள்ள 20 இடங்களுக்கு விண்ணப்பித்தால் எல்லாவற்றிலும் தோற்கும் நிகழ்தகவு 0.96 இன் 20 ஆம் அடுக்கு. அது 0.44. ஆகவே ஓரிடமாவது கிடைக்கும் வாய்ப்பு 56 வீதம்!" கணக்கு சரி, எடுகோள் பிழை. அவை சாரா நிகழ்ச்சிகள் அல்ல. இருபது இடங்களும் பார்ப்பது அதே பெறுபேறுகளை, அதே கட்டுரையை, அதே ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தை. ஓரிடத்தில் குறையாகப்பட்டது மற்ற இடங்களிலும் குறையாகப்படலாம். விண்ணப்பக் கட்டணம் மட்டும் டொலரில் இருபது முறை போகும். கட்டண விலக்குக் கேட்க வழியுண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ராத்தா செய்ததும் இதே பிழையின் மறுபக்கம். அனுமதி என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பையிலிருந்து பந்து எடுப்பதல்ல. 3.43 என்பது அந்தக் கூட்டத்தின் எண்; ராத்தாவின் எண் அல்ல. அவருடைய வாய்ப்பு அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே போட்டி இன்னும் கடுமை என்பதும் உண்மையே. ஆனால் விண்ணப்பிக்காதவரின் நிகழ்தகவு மட்டும் திட்டமாகத் தெரியும். அது பூச்சியம்.

நமது நாட்டில்

நமது நாட்டிலும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அதுவும் கூட்டத்தின் எண்தான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், பாடநெறிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி மாறும். நம் இஸட் புள்ளியை அந்த வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுவதே பயன் தரும். நால்வரில் ஒருவர் என்று கலங்குவதில் பயனில்லை.

அப்படியானால் எதைக் கேட்பது?

அன்பான பெற்றோரே, தோழியரே, ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவை வேறு. நான் விரும்பும் பாடம் அங்கே உண்டா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெறுகின்றனர்? செலவு எவ்வளவு, உதவி எவ்வளவு? ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில, வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பாராமலே அனுமதியைத் தீர்மானித்து, தேவையான உதவியையும் வழங்குகின்றன. ராத்தாவின் வீட்டில் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 3.43 மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ராத்தா இப்போது உள்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் பொறியியல் படிக்கிறார், மகிழ்ச்சியாகவே இருக்கிறார். இக்கட்டுரையை முதலில் வாசித்தவரும் அவர்தான். வாசித்துவிட்டு, "நீ படிவத்தை முழுதாக நிரப்பு" என்று மட்டும் சொன்னார்.

தரம் 13, கணிதப் பிரிவு