அவளிடமே போய்ப் பேசுவோம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் பல குழுக்கள் ஒரே குறையைத்தான் சொன்னீர்கள். "கடன் தவணையைக்கூட சமாளிச்சிடலாம், பக்கத்து வீட்டு வாயைத்தான் சமாளிக்க முடியல" என்றார் ஒரு சகோதரி. அதனால் புறம் பேசுவதையும், தொல்லை தரும் அயலாரையும் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம். கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு என்ன வழி காட்டுகிறது என்று சேர்ந்து பார்ப்போம். மற்ற சமயச் சகோதரிகளும் நம் குழுக்களில் இருக்கிறீர்கள். திருக்குறளிலும் 'புறங்கூறாமை' என்று ஒரு அதிகாரமே, 19-ஆவது அதிகாரமாக இருக்கிறது. ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய பாடம்தான்.

நடந்த ஒன்று

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட சகோதரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். ஊர், பேர் வேண்டாம்.

குழுவில் 15 பேர். ஊக்குநர் ஒரு வெள்ளிக்கிழமை வங்கிக் கடன் தவணை கட்டப் போனார். அன்றைக்கு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. மறுநாள் இரண்டாவது சனி, அடுத்தது ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் பணத்தைக் கட்டி, சலானையும் வாங்கி வந்துவிட்டார். இடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஒரு புது பீரோ வந்து இறங்கியது. மகள் சடங்குக்கு அவருடைய அண்ணன் செய்த சீர் அது.

பக்கத்து வீட்டுக்கும் அவருக்கும் சாக்கடைத் தண்ணி விஷயத்தில் ஏற்கெனவே பேச்சு வார்த்தை கிடையாது. "தவணை கட்டலையாம், பீரோ வந்திருக்காம்" என்று குழாயடியில் ஒரு வார்த்தை விழுந்தது. ரேஷன் கடை வரிசைக்குப் போகும்போது அது "குழுப் பணத்துல பீரோ வாங்கிட்டா" என்று ஆனது. களையெடுக்கிற இடத்தில் "மூணு தவணை கட்டலையாம்" என்று வளர்ந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு 6 பேர்தான் வந்தார்கள். இரண்டு பேர் சேமிப்பைத் திருப்பிக் கேட்டார்கள். ஊக்குநர் சாவியையும் நோட்டுகளையும் பாயில் வைத்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். மாடு வாங்க உள்கடன் கேட்டிருந்த ஒரு விதவைச் சகோதரிக்கு இரண்டு மாதம் கடன் கிடைக்கவில்லை. அதற்குள் பேசி வைத்திருந்த மாட்டை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "ஏம்மா, இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. ஊர்ல கேக்கிறதைவிட உன்கிட்டயே கேட்டுருவோம்னு வந்தேன்" என்றார். ஊக்குநர் உள்ளே போய்ச் சலானை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

குழு திரும்பவும் கூடியது. ஆனால் அந்தச் சகோதரி ஊக்குநர் பொறுப்பை மறுபடி ஏற்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சு கூட்டமைப்புப் பொறுப்பாளர்களான எங்கள் காதுக்கும் வந்தது. "நெருப்பில்லாம புகையுமா" என்று நாங்களும் நினைத்தோம். நேரில் போய்க் கேட்காமல் இருந்தோம். அது எங்கள் தப்பு.

வேதம் என்ன சொல்கிறது?

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் 16, 17, 18 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். முதல் வசனம், கோள் சொல்லித் திரியக்கூடாது என்கிறது. இரண்டாவது, மனதுக்குள் பகையை வைத்துக்கொள்ளாமல் சம்பந்தப்பட்டவரிடமே எடுத்துச் சொல்லச் சொல்கிறது. மூன்றாவது, நம்மைப் போல அயலாரையும் நேசிக்கச் சொல்கிறது. 'அயலாரை நேசி' என்ற கட்டளையை எல்லோரும் அறிவோம். அதற்கு முன்னால் நாக்கை அடக்குவதும் நேரில் பேசுவதும் நிற்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. (கத்தோலிக்கச் சகோதரிகள் கையில் உள்ள வேதாகமத்தில் இந்தப் புத்தகத்தின் பெயர் 'லேவியர்' என்று இருக்கும்.)

நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனம் நம் அடுப்படி அனுபவத்தையே சொல்கிறது. விறகு தள்ளாவிட்டால் அடுப்பு அணைந்துபோகும். கோள் சொல்கிறவர் இல்லாவிட்டால் சண்டையும் அணையும். கேட்கிறவரும் ஒரு விறகுதான். காது கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பேச்சும் நிற்காது.

நேரில் பேசுவதற்கு இயேசு மூன்று படிகள் சொல்லித் தருகிறார் (மத்தேயு 18: 15–17).

1. முதலில் தனியாகப் போய் அவரிடமே பேச வேண்டும்.
2. கேட்காவிட்டால் ஒருவரை அல்லது இருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.
3. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்கு முன் கொண்டுவர வேண்டும். நமக்கு அது குழுக் கூட்டம், அதற்கு மேல் கூட்டமைப்பு.

நாம் செய்வது என்ன? முதலில் ஊருக்குச் சொல்கிறோம். பிறகு நமக்கு வேண்டிய இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறோம். யாரைப் பற்றிய பேச்சோ அவருக்குத்தான் கடைசியில் தெரிய வருகிறது. படிகளைத் தலைகீழாக ஏறினால் விழத்தானே செய்வோம்?

எது புறம், எது அக்கறை?

"அப்படின்னா யாரைப் பத்தியும் வாயே திறக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளை மனதுக்குள் கேட்டுக்கொள்வோம்.

• இது உண்மை என்று எனக்கே நேரில் தெரியுமா?
• அவள் இங்கே நின்றால் இதையே, இதே மாதிரி சொல்வேனா?
• நான் சொல்லப்போகிற ஆளால் இந்தப் பிரச்சினை தீருமா?

ஒரு வீட்டில் பெண்ணை அடிக்கிறார்கள், சிறுமிக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்றால், அதை உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வது புறம் ஆகாது. சொல்லாமல் இருப்பதுதான் தவறு. லேவியராகமத்தின் அதே 16-ஆம் வசனம், அயலாருடைய உயிர் ஆபத்தில் இருக்கும்போது சும்மா நிற்கவும் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது.

தொல்லை தரும் பக்கத்து வீடு

கோழி வந்து கீரையைக் கிளறுகிறது, ஆடு முருங்கையைக் கடிக்கிறது, குப்பை நம் வாசலில் விழுகிறது. சண்டை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில் (விடுதலைப் பயணம் என்றும் இருக்கும்) 4, 5 ஆகிய வசனங்கள் இதைப் பேசுகின்றன. நம்மைப் பகைக்கிறவருடைய மாடு வழிதவறித் திரிந்தால் அதைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அவருடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட வேண்டும். முதலில் சமாதானம் ஆகட்டும், அப்புறம் உதவலாம் என்று வேதம் சொல்லவில்லை. பகை இருக்கும்போதே உதவச் சொல்கிறது. பேச்சு இல்லாத வீட்டுக் கன்றுக்குட்டி அவிழ்ந்து ஓடினால் நாமே பிடித்துக் கட்டலாம். அந்த வீட்டுப் பெரியவருக்கு முடியவில்லை என்றால் ஆட்டோவுக்குச் சொல்லலாம்.

இது அவர்களை உடனே மாற்றிவிடும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. ரோமர் 12-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனமும் நம்மால் ஆன மட்டும் சமாதானமாக இருக்கத்தான் சொல்கிறது. அடுத்தவர் பங்குக்கு நாம் பொறுப்பில்லை. நம் பங்கைச் செய்துவிட்டால் போதும்.

பேசப் போகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். கோபம் தணிந்த பிறகு போங்கள். குழாயடியில், நாலு பேர் முன்னால் வேண்டாம். வீட்டில் யாரும் குடித்திருக்கும் நேரத்திலும் வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள், பத்து வருஷப் பழசைக் கிளறாதீர்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காமல், "அக்கா, நேத்து தண்ணி எங்க வாசல்ல வந்து நிக்குது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

அடி, மிரட்டல், பாலியல் தொல்லை இவற்றைப் பொறுத்துக்கொள்வது கிறிஸ்தவப் பொறுமை ஆகாது. அங்கே தனியாகப் பேசப் போகவும் வேண்டாம். குழுவிடம் சொல்லுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். அதற்கான எண் 15100. வேலித் தகராறு, பாதைத் தகராறு போன்றவற்றுக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

நம்மைப் பற்றியே பேசினால்?

இயேசுவையே சாப்பாட்டுப் பிரியர், குடிகாரர் என்று ஊர் பேசியது (மத்தேயு 11:19). ஆகவே பேச்சு வந்தாலே நாம் கெட்டவர்கள் என்று அர்த்தம் இல்லை. பதிலுக்கு அவர்களைப் பற்றி நாமும் தொடங்காமல் இருப்போம். நம்பிக்கையான ஒருவரிடம் மனதைக் கொட்டுவோம். குழுக் கணக்கு பற்றிய பேச்சு என்றால், கூட்டத்தில் நோட்டை விரித்துக் காட்டுவோம்.

பேசியது நாமாக இருந்தால் மன்னிப்புக் கேட்போம். எந்த இடத்தில் சொன்னோமோ அந்த இடத்திலும் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். இது கஷ்டம்தான். ஆனால் வீட்டுக்குள் கேட்கிற மன்னிப்பு, குழாயடியில் போன மானத்தைத் திருப்பித் தராது.

குழுவில் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பாஸ்புக்கும் சலானும் எல்லோர் கைக்கும் சுற்றி வர வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்ட வேண்டும்.
• தவணை கட்டத் தாமதமானால் ஊக்குநர் அன்றைக்கே இரண்டு உறுப்பினர்களுக்காவது தகவல் சொல்ல வேண்டும்.
• ஒரு உறுப்பினரைப் பற்றிப் பேச்சு வந்தால், 3 நாளுக்குள் ஒருவர் நேரில் போய்க் கேட்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கலந்து பேச

1. அந்த ஊக்குநரின் இடத்தில் நாம் இருந்தால் என்ன எதிர்பார்த்திருப்போம்?
2. "எனக்கு எதுக்கு வம்பு" என்று நாம் சும்மா இருந்ததால் யாருக்காவது நஷ்டம் வந்திருக்கிறதா?
3. இந்த வாரம் நாம் நேரில் போய்ப் பேச வேண்டிய ஒருவர் யார்? (பெயரைச் சொல்ல வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.)

ஜெபம்

ஆண்டவரே, கேட்டதையெல்லாம் சொல்லாத நாவையும், சொன்னதையெல்லாம் நம்பாத காதையும் எங்களுக்குத் தாரும். எங்கள் பேச்சால் புண்பட்டவர்கள் வீட்டு வாசலுக்குப் போகிற தைரியத்தையும் தாரும். ஆமென்.