கெண்டைக்கால் சதையைத் திருப்பினால் நடக்க முடியுமா?

கேள்வி: எங்கள் குடும்பமே உப்பளத்தில் வேலை செய்கிறது. 19 வயது மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் புற்றுக்கட்டி. காலை எடுக்க வேண்டாம், கெட்ட எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்து, கெண்டைக்கால் சதையைத் திருப்பிப் போட்டு மூடலாம், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் வருவார் என்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்களா? இருக்கிற சதையையும் வெட்டினால் பிள்ளை எப்படி நடப்பான்? மறுபடி உப்பளத்தில் இறங்கலாமா?
– ஒரு தாய், மரக்காணம்

பதில்: பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் வைப்பதில்லை. உருக்கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நெற்றித் தோலைத் திருப்பி, அறுபட்ட மூக்கைச் சரிசெய்யும் வித்தை நம் நாட்டில் வழிவழியாக இருந்தது. 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வெளியான பிறகுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இந்தப் பையனின் காலில் நடக்கப்போவதும் அதே திருப்பும் வேலைதான். தோலுக்குப் பதில் தசை.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே தோலுக்கு அடியில் உடனே எலும்பு; நடுவில் சதையே கிடையாது. கட்டியை எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் உலோகத்தை வைத்து, மிச்சமுள்ள தோலை இழுத்துத் தைத்தால் தையல் பிரிந்து கிருமி புகும். உலோகத்தில் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் விரட்டுவது மிகக் கடினம். மூட்டைக் கழற்ற வேண்டி வரலாம்; சிலருக்குக் காலே போய்விடும்.

அதைத் தடுக்கத்தான் கெண்டைக்கால் தசை. அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தலைகள். ஒவ்வொன்றுக்கும் முழங்காலின் பின்குழியிலிருந்து தனி ரத்தக்குழாய் வருகிறது. உள்பக்கத் தலையைக் கீழ்முனையில் விடுவித்து, மேலே அந்த ரத்தக்குழாய் அறுபடாமல், கதவைத் திருப்புவது போல முன்னால் கொண்டுவந்து உலோகத்தைப் போர்த்துவார்கள். முழங்கால் சில்லின் தசைநாணையும் அதோடு சேர்த்துத் தைப்பார்கள்; காலை நீட்ட அந்தப் பிடிப்பு வேண்டும். அதன் மேல் தொடையில் சீவி எடுத்த மெல்லிய தோல். வெளிப்பக்கத் தலையும் அடியிலுள்ள மற்றொரு தசையும் அப்படியே இருப்பதால் நடை போய்விடாது. தாய் பயப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. சென்னையின் எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்து உள்நாட்டிலேயே செய்த உலோக மூட்டுகளைப் பொருத்தி ஏராளமானோரின் காலைக் காப்பாற்றியவர்; 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். பக்கத்துத் தசை போதாத பெரிய பள்ளமாக இருந்தால் முதுகுத் தசையையோ தொடைச் சதையையோ ரத்தக்குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய நூலால் காலின் ரத்தக்குழாயோடு இணைப்பார்கள். அப்போது முதல் சில நாட்கள் அடிக்கடி நிறமும் சூடும் பார்ப்பார்கள். நர்ஸ் நள்ளிரவில் எழுப்பினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. குழாய் அடைத்தால் சில மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும். பையனுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். புகை அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சதைத் திருப்பம் அறுவை அரங்கில் தொடங்குவதில்லை. சோதனைக்காகச் சதைத்துணுக்கு (பயாப்சி) எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பயாப்சி ஊசி போன பாதையில் புற்றணு சிந்தியிருக்கலாம் என்பதால் அந்தப் பாதையையும் கட்டியோடு வெட்டி எடுப்பார்கள். தெரியாதவர் கெண்டைக்கால் வழியாக ஊசி போட்டால், போர்வையாக வேண்டிய தசையே கெட்டுவிடும். ஆகவே எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் முதலிலேயே கூடிப் பேசியிருக்க வேண்டும். பேசினார்களா என்று கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. காயம் சீக்கிரம் ஆறினால்தான் புற்றுக்கான மீதிக் கீமோ மருந்தையும் காலத்தில் தொடங்க முடியும்.

உப்பள வேலைக்கு வருவோம். பாத்தியில் வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாரி, கூடையைத் தலைச்சுமையாகத் தூக்கி வரப்பில் நடக்கும் வேலை இனி இந்தப் பையனுக்கு வேண்டாம். கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுமை உலோக மூட்டைத் தேய்க்கும். ஒட்டுத்தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாததால் அது வறண்டு வெடிக்கும், உணர்ச்சியும் குறைவு. உப்புக்கல் கிழித்தாலும் வலிக்காது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தச் சின்னக் கீறல் வழியே கிருமி உலோகம் வரை போகும். தினம் தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் படாமல் துணியால் மூடி, காலைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். எடை போடுவது, பாக்கெட் கட்டுவது, கணக்கு எழுதுவது போன்ற உட்கார்ந்த வேலைகளுக்குத் தடையில்லை.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, உலோக மூட்டும் தசை மூடலும் இரண்டும் அனுமதியில் சேர்ந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பளக் கரையின் மற்ற வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கம் வீங்கி, ராத்திரியில் வலி கூடினால் எண்ணெய் போட்டு உருவவோ கட்டுப் போடவோ வேண்டாம். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.