பாடம் 9: புகைக் குழாயை அளந்து வாங்குவோம்

பெங்களூரு கலாசிபாளையத்தில் ஒரு கார் பட்டறை. காலை நேரம். ஓர் ஓட்டுநர் தம் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'படபட' என்று ஒரே சத்தம்.

"மேஸ்திரி, சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. புதுக் குழாய் போடுங்கள். இரண்டு அங்குலமாகப் போடுங்கள். பெரிய குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று சிநேகிதர் சொன்னார்."

மேஸ்திரி சிரித்தார். "முதலில் அளப்போம் அண்ணே. பிறகு பேசுவோம்."

அவர் ஒரு நூலை எடுத்தார். பழைய குழாயில் நல்ல இடம் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். நூலை அளவுகோலில் வைத்தார். 120 மில்லிமீட்டர் இருந்தது.

"சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். 120 ÷ 3.14 = சுமார் 38 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே இது ஒன்றரை அங்குலக் குழாய்."

"அரை அங்குலம்தானே கூடுகிறது?"

"அப்படித்தான் தோன்றும். ஆனால் குழாயின் வாய் வட்டம். 1.5 × 1.5 = 2.25. 2 × 2 = 4. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புகை போகும் வழி ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடும்."

"வழி பெரிதானால் நல்லதுதானே?"

"ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாயும். விட்டுவிட்டால் வேகம் குறையும். புகையும் அப்படித்தான். வேகமாகப் போகும் புகை, பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மேல் பெரிதானால் புகை மெதுவாகப் போகும். இழுப்புக் குறையும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இது தெரியும். சத்தமும் கூடும்."

"அப்படியானால் சிறிய குழாய் போடலாமா?"

"அதுவும் கூடாது. புகை வெளியேற முடியாமல் எஞ்சினைத் திருப்பித் தள்ளும். பழைய புகை சிலிண்டரிலேயே தங்கும். புதிய காற்றும் பெட்ரோலும் குறைவாக உள்ளே போகும். வண்டி இழுக்காது. பெட்ரோலும் அதிகம் செலவாகும். குழாயை வளைக்கும்போது நசுங்கினாலும் இதே கதைதான். பெரிய எஞ்சினுக்குப் பெரிய குழாய். சிறிய எஞ்சினுக்குச் சிறிய குழாய். கம்பெனி எந்த அளவு கொடுத்ததோ, அதுவே சரி."

ஓட்டுநர் தலையசைத்தார். "பணம் சேரட்டும் என்று ஒரு வாரம் ஓட்டையோடே ஓட்டினேன். மாலையானால் தலைவலி. வெயிலால் என்று நினைத்தேன்."

மேஸ்திரியின் சிரிப்பு மறைந்தது. காரின் அடியில் குனிந்து பார்த்தார். ஓட்டை, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. தரைத் தகட்டிலும் துரு அரித்த துளை ஒன்று இருந்தது.

"அண்ணே, இது வெயில் இல்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். உயிரையே எடுத்துவிடும். இன்றே டாக்டரைப் பாருங்கள். இரண்டு துளைகளையும் அடைக்காமல் வண்டியைத் தர மாட்டேன்."

மாலையில் 38 மில்லிமீட்டர் குழாய் மாட்டப்பட்டது. தகட்டின் துளையும் அடைக்கப்பட்டது. மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டார். குழாய் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினார். குமிழி வரவில்லை.

தெரிந்துகொள்வோம்

• மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும்.
• புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைக் காலாவதி ஆகுமுன் புதுப்பிக்க வேண்டும்.
• புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. குழாய் மாற்றும்போது அதைக் கழற்றி எறியாதீர்கள்.
• மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எஞ்சின் ஓடும் காரில் தூங்காதீர்கள்.

பயிற்சி

1. ஒரு குழாயைச் சுற்றிய நூலின் நீளம் 157 மில்லிமீட்டர். குறுக்களவு என்ன?
2. ஓட்டுநருக்குத் தலைவலி வரக் காரணம் என்ன?
3. கோடிட்ட இடத்தை நிரப்புக: கார்பன் மோனாக்சைடுக்கு ________ இல்லை, மணமும் இல்லை.
4. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் உள்ள புகைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும்? எழுதுங்கள்.