அமுக்கிரா: வயலில் பேன், கிட்டங்கியில் வண்டு

நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் நம் கடைகளில் அமுக்கிராக் கிழங்கு இல்லாத கடை அரிது. இதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் வட்டாரத்துச் சரக்கு. அங்கே பயிர் பட்ட பாடு இங்கே நாம் பிரிக்கும் மூட்டையில் தெரியும்.

ஆகஸ்ட் வாக்கில் விதைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வேரைப் பிடுங்குகிறார்கள். மழைக்காலத்தில் வருவது புள்ளி வண்டு. முதுகில் 28 கரும்புள்ளிகள். நம் ஊரில் கத்தரி இலையைச் சல்லடையாக்குவதும் இதுவே. அமுக்கிராவும் கத்தரிக் குடும்பம்தானே! வண்டும், முள் முளைத்த அதன் மஞ்சள் புழுவும் இலைப் பச்சையைச் சுரண்டித் தின்றுவிடும்.

மழை ஓய்ந்து வறண்ட வெயில் அடித்தால் சிலந்திப் பேன் பெருகும். கண்ணுக்கு எளிதில் படாது. இலையடியில் மெல்லிய நூல் வலையும், மேலே வெளிர்ப் புள்ளிகளுமே அடையாளம். இதற்குக் கால் எட்டு. பூச்சி இனமே அல்ல. இதை அறியாமல் வண்டுக்கு அடித்த மருந்தையே மீண்டும் அடிப்பவர்கள் உண்டு. அதில் பேன் பெரும்பாலும் தப்பிவிடும். பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் சாகும். பேன் முன்னிலும் பெருகும். பேனுக்குக் கேட்பது நனையும் கந்தகம். வீண் மருந்தின் எச்சமோ சரக்கோடு வரலாம். ஏற்றுமதிக்கு வாங்குவோர் அதைச் சோதித்தே எடுக்கிறார்கள்.

இலை போனால் வேர் பருக்காது. ஏழு செ.மீ. நீளம், ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. தடிமன், ஒடித்தால் உள்ளே தூய வெண்மை இருந்தால் முதல் தரம். மெலிந்து, உள்ளே மஞ்சளித்தது கடைசித் தரம். விலை அதற்கேற்பத்தான் பேச வேண்டும்.

கிட்டங்கிக்கு வந்த பிறகு வேறு வண்டு. மஞ்சளையும் கொத்தமல்லியையும் துளைக்கும் பழுப்பு நிறச் சிறு வண்டுதான். ஒருமுறை மேல் மூட்டையில் மாதிரி பார்த்துத் திருப்தியடைந்து, ஐப்பசி மழை முழுதும் அடியிலிருந்தவற்றைப் பிரிக்காமல் விட்டோம். பிரித்தபோது வேரெல்லாம் ஊசித்துளை. சாக்கின் அடியில் மாவு. பாதி விலைக்கும் கேட்பாரில்லை. அன்று முதல் மரச்சட்டத்தின் மேலேதான் அடுக்குகிறோம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடிமூட்டையிலிருந்து ஒரு கை வேரை எடுத்து வெள்ளைத்தாளில் தட்டிப் பார்க்கிறோம். மாவு உதிர்ந்தால் அந்த அடுக்கு முழுவதையும் அன்றே பிரித்து வெயிலில் பரப்பிவிடுவது வழக்கம்.