அம்மாவின் மறதியை எப்படிப் பார்ப்பது?

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, டிமென்ஷியாவாக இருக்குமோ என்று பயந்து எழுதியிருந்தாய். உன் தம்பியோ, வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டானாம். இரண்டு பேருமே அவசரப்படுகிறீர்கள். வயதின் மறதி வேறு, நோயின் மறதி வேறு. முதியோர் வார்டில் நர்ஸாக இருந்தவள், உன் அம்மாவுக்கு அக்கா என்ற இரண்டு உரிமையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயது ஏற ஏற மூளையின் வேகம் குறையும். கல்யாண வீட்டில் பார்த்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். வீடு திரும்பும்போது தானாக வந்துவிடும். சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று யோசிப்பது, கண்ணாடியைத் தேடுவது, புதுப் போனைப் பழக நாளாவது எல்லாம் இதில் சேரும். இங்கே விஷயம் மனதில் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தால், "அட, ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள்.

டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமாகும் அல்சைமர் நோயில் நடப்பது வேறு. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் அது பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. நோட்டில் எழுதிய பக்கத்தைத் தேடுவது வயதின் மறதி என்றால், பக்கத்தில் எதுவும் எழுதப்படாமலே போவது இந்த மறதி. அதனால்தான் நேற்று வந்துபோன விருந்தாளியை நினைவூட்டினாலும், "யாரும் வரவில்லையே" என்பார்கள். ஆனால் சின்ன வயதுக் கதைகளைத் துல்லியமாகச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதே. நேற்றும் இன்றும் நடந்தது நினைவிருக்கிறதா என்று பார்.

அம்மா எத்தனை முறை மறந்தாள் என்று எண்ணுவதில் பயனில்லை. அவள் முன்பு இருந்த விதத்தோடு இப்போதைய அவளை ஒப்பிடு. உன் அம்மா வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருந்தவள். பால்காரருக்குக் கொடுத்த பணத்தையே மறுபடி கொடுக்கிறாளா? பல வருடமாக வைக்கும் குழம்பில் எதற்குப் பிறகு எது என்று தடுமாறுகிறாளா? கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்கிறாளா? பழகிய தெருவில் வழி தவறுகிறாளா? நகையை எங்கேயோ வைத்துவிட்டு வேலைக்காரம்மாவைச் சந்தேகப்படுகிறாளா? கலகலப்பாக இருந்தவள் யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறாளா? இவற்றில் ஒன்றிரண்டு நிலைத்து நின்று, சில மாதங்களில் கூடியும் வந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. பார்த்ததைத் தேதியோடு குறித்து வை. உன் குறிப்பு டாக்டருக்கு மிகவும் உதவும்.

உன் தம்பிக்கும் ஒன்று சொல். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. அதாவது நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அது இல்லை. வயதானால் வந்தே தீரும் என்பது பொய்.

மறதி என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் சரிசெய்யக் கூடியதாகவே இருக்கும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் எல்லாம் மறதியை உண்டாக்கலாம், அல்லது மறதிபோலவே தெரியலாம். அம்மா சர்க்கரைக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அது பி12 அளவைக் குறைக்கக் கூடும். ஆகவே அவள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் உண்டு. சென்னை கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். ஸ்கேன் மட்டும் எடுத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வயதின் மறதிக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவிலான லேசான குறைபாடு என்றும் டாக்டர் சொல்லலாம். அது எல்லோருக்கும் டிமென்ஷியாவாக மாறுவதில்லை. ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதே. ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மந்தமானாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், தலைக்குள் ரத்தக்கசிவு எதுவும் காரணமாக இருக்கலாம்.

சொந்தக்காரர்கள் முன்னால், "நேற்று என்ன சாப்பிட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று அவளைச் சோதிக்காதீர்கள். தன் மறதியை அவளே உணர்ந்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கலாம். "சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறோம், ஞாபகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம்" என்று உண்மையைச் சொல்லியே கூட்டிப் போ. நோய்தான் என்று தெரிந்தாலும், முன்கூட்டியே தெரிவதில் நன்மை உண்டு. சொத்து, வங்கிக் கணக்கு, யாரோடு இருப்பது என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே அவள் வாயால் அவளே சொல்லலாம்.

இந்த மாதமே டாக்டரிடம் நேரம் வாங்கு. தம்பியையும் உடன் அழைத்துப் போ. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா